அத்தாவும் அம்மானும்: பெரிய வெள்ளிக்குச் சுங்கை சிப்புட்

இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் பெரிய வெள்ளியன்று, பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டைப் பாட, ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் மும்மணி ஆராதனைக்கு வருவதாகப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்தவர்கள் முதலில் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் அன்று பொது விடுமுறை கிடையாது. சபாவுக்கும் சரவாக்குக்கும்தான் அந்தப் பாக்கியம். இ.டி.எஸ். எனும் விரைவு மின்ரயில் எல்லாமே சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. ஈப்போவில் இறங்கினால், வாசலிலேயே மறித்து நிற்கும் வண்டிக்காரர்களிடம் ஏறுவதற்கு முன்னே வாடகையைப் பேசிவிடுங்கள். கைப்பையும் பாமாலைப் பாட்டுப் புத்தகமுமாக நிற்கிறவரைக் கண்டால் அவர்கள் கேட்கிற தொகைக்கு நியாயமே இருக்காது.

ஆராதனை பன்னிரண்டு முதல் மூன்று வரை. இடையில் ஜும்ஆ தொழுகை நேரம் வருவதால் டவுனில் கார் நிறுத்த இடமிருக்காது. பதினொன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பிந்தினால் வெளிக் கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிதான். அங்கே ஒலிபெருக்கியைவிட மின்விசிறிச் சத்தம்தான் அதிகம் கேட்கும். காணிக்கைக் கவரை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

இவ்வளவு சிரமமும் ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டுக்காகத்தான் என்றால் மிகையில்லை. பழைய ரப்பர் தோட்டத்து லயங்களை விட்டுப் போன குடும்பங்களைத் திரும்ப இழுத்து வருவது அந்தப் பாட்டு.

எழுதியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று சொல்லக் காரணம் அதுதான். தமிழை அவர் கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்று சொல்லையும் முதல் இரண்டு அடியிலேயே திரித்துவத்தின், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற ஒரே கடவுளின், பாதத்தில் வைத்துவிட்டார். யாப்போ, சுந்தரரின் ‘பொன்னார் மேனியனே’ நடக்கும் அதே நடை. அங்கே ‘அன்னே உன்னையல்லால்’. இங்கே ‘அத்தா உன்னையல்லால்’. வைணவராய்ப் பிறந்தவர் சைவத் தேவாரத்தின் நடையில் இயேசுவைக் கூப்பிடுகிறார்! கோயிலுக்கு வெளியே நிற்கிற இந்து அண்டைவீட்டுப் பாட்டிக்கும் அது புதிய பாட்டாகத் தோன்றாது.

பாடும்போது தவறுவது பெரும்பாலும் ஈற்றடியில். முதல் பாட்டில், அதாவது முதல் செய்யுளில், சத்தாய், சித்தாய், எத்தால் என்று எதுகை வருவதால் அழைப்பு ‘அத்தா’, அப்பா என்று பொருள். இரண்டாம் பாட்டில் எம்மாவி, கைம்மாறு, சும்மா, ஆகவே ‘அம்மான்’. மாமன் இல்லை, தலைவன். திரையில் போடுகிறவர்கள் ஈற்றடியைப் பல்லவி என்று நினைத்து ஒருமுறை தட்டச்சு செய்து ‘மீண்டும்’ என்று போட்டுவிடுகிறார்கள். சபையில் பாதி அத்தா, பாதி அம்மான். ஒவ்வொரு பாட்டையும் முழுதாகப் போடுங்கள். ‘நிஷ்களமாய்’ என்பதில் ளகரம், உருவமற்றதாய் என்று பொருள். ‘சாமியம்’ என்றால் ஒப்பு, சாமி இல்லை.

சுருதி ஒன்றரைக் கட்டைக்கு மேல் வேண்டாம். காலையிலிருந்து உபவாசம் இருந்த தொண்டைகள் அவை. கீபோர்டில் தாளப் பொத்தானைத் தயவுசெய்து அழுத்தாதீர்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை விருத்தம்போலத் தாளமில்லாமல் இழுத்துப் பாடட்டும். ஆர்மோனியம் பின்னால் வந்தால் போதும்.

இரண்டாம் பாட்டு வரும்போதுதான் கோயில் மாறும். பொருத்தனையைச் செலுத்த விடுப்பு எடுத்து, கவரும் கையுமாக வந்த சனம் உயிரைத் தந்தவருக்கு ‘கைம்மாறுண்டு கொலோ’, பதிலுக்குத் தர ஏதும் உண்டா, என்று பாட வேண்டியிருக்கிறது. பதில் உண்டா என்ன? அடுத்த அடியில் அந்தப் பெரும்புலவர் எடுத்துப் போடுகிற சொல் ‘சும்மா’. பசாரில் கறிவேப்பிலை கேட்கும்போது நாம் சொல்கிற அதே சும்மா. சும்மா ரட்சணை செய். சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் உரிமையும் இல்லை என்கிறார். அறுவைச் சிகிச்சையில் பிழைத்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்த இடத்தில் குரல் எழும்பாது. அடியெடுத்துக் கொடுப்பவருக்கும் எழும்பாது. சில சமயம் ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். யாரும் அதைச் சரிசெய்ய முனைவதில்லை. ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

மூன்று மணிக்கு வெளியே கஞ்சி கொடுப்பார்கள். துவையல் சீக்கிரம் தீர்ந்துவிடும்.