முதல் பாதிக்கு ஒரு சட்டம், இரண்டாம் பாதிக்கு இன்னொரு சட்டம்

ரெஃப்ரியைத் திட்டி எழுதக்கூடாது என்று ரொம்ப நாளாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். தோற்ற அணியின் ரசிகன் ரெஃப்ரியைத் திட்டுவதும் ஃபெயிலான பையன் கேள்வித்தாளைத் திட்டுவதும் ஒன்றுதான், கேட்கிறவர்கள் ஒரு மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் 2024 டிசம்பரில் என் மகன் படிக்கும் கல்லூரியில் பார்த்த ஒரு பாஸ்கெட்பால் ஆட்டம் இன்னும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அதில் அவன் கல்லூரிதான் ஜெயித்தது. அதனால் இதை வயிற்றெரிச்சல் கணக்கில் எழுதிவிட முடியாது.

நாங்கள் இருப்பது நார்த் கரோலினாவில். இங்கே புதிதாக யாரைச் சந்தித்தாலும் ஐந்தாவது நிமிடம் "நீங்கள் ட்யூக்கா, கரோலினாவா" என்று கேட்டுவிடுவார்கள், இரண்டும் பாஸ்கெட்பாலுக்குப் பேர்போன இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்கள். மகனின் கல்லூரி அவ்வளவு பெரிய பெயர் இல்லை, அரங்கம் பாதிதான் நிரம்பும், அதனாலேயே கூடைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வீரர்களின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிற தூரத்தில் பார்க்கலாம். எங்களுக்கு முன் வரிசையில் பச்சைக் குல்லா போட்ட ஒரு பாட்டி, மடியில் ஸ்கோர் நோட்டு, கையில் பென்சில். யார் எத்தனை புள்ளி, யாருக்கு எத்தனை ஃபவுல் என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டிருந்தார். தனக்கு ஒப்பாத ஃபவுலுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

முதல் பாதி முழுக்க ரெஃப்ரிகள் மூன்று பேரும் விசிலை விழுங்கிவிட்டார்கள். எதிரணி சென்டர், மலை மாதிரி ஒரு பையன், முன்னங்கையை எங்கள் ஆளின் முதுகில் வைத்து அழுத்தியபடி இடுப்பால் தள்ளித் தள்ளிக் கூடைக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டே இருந்தான். எங்கள் கார்டு (பந்தைத் தட்டிக்கொண்டு வரும் ஆள்) ஒருவன் கூடையை நோக்கி எழும்பியபோது மணிக்கட்டில் பட்டென்று அடி விழுந்த சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. விசில் இல்லை. சரி, இன்றைக்கு முரட்டு ஆட்டம்தான் போல என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள், வீரர்களும்தான். பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் பாதி கபடி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இருபது நிமிடத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து மொத்தம் 11 ஃபவுல்.

இடைவேளையில் உள்ளே போன ரெஃப்ரிகள் என்ன பேசிக்கொண்டார்களோ. திரும்பி வந்து முதல் நாலு நிமிடத்திலேயே 9 ஃபவுல். அதே முன்னங்கை, அதே இடுப்பு. அந்த சென்டர் பையனுக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு. இரண்டாவதுக்கு அவன் சண்டை போடவில்லை, தன் முன்னங்கையை ஒருமுறை பார்த்தான், ரெஃப்ரியைப் பார்த்தான், அவ்வளவுதான். அரை மணி நேரம் முன்னால் வரை இந்தக் கை சரியாகத்தானே இருந்தது என்கிற முகம். இரண்டாம் பாதியில் மட்டும் மொத்தம் 27 ஃபவுல். ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது அவனுக்கு ஐந்தாவது விழுந்தது: எங்கள் ஆள் மீது மோதிவிட்டானாம், சார்ஜ். அரங்கமே எழுந்து கைதட்டியது, நானும் தட்டினேன். மகன் என் காதில், "அப்பா, நம்ம ஆளோட குதிகால் அந்த அரைவட்டத்துக்குள்ள இருந்துச்சு" என்றான். கூடைக்கு அடியில் நாலு அடி ஆரத்தில் ஒரு வளைவு போட்டிருப்பார்கள், உதவிக்கு ஓடிவரும் தடுப்பாளர் அதற்குள் நின்றுகொண்டு சார்ஜ் வாங்க முடியாது, அது அவர் மேல்தான் ஃபவுல். பையன் பெஞ்சுக்குப் போய் டவலைத் தலையில் போட்டுக்கொண்டான்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு: இங்கே ஆண்கள் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், இரண்டு பாதி. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் 48 நிமிடத்துக்கு ஆறு. முதல் பாதியில் ஒருவனுக்கு இரண்டு ஃபவுல் விழுந்தாலே பெரும்பாலான கோச்சுகள் பயந்துபோய் இடைவேளை வரை அவனை உட்கார வைத்துவிடுவார்கள். அதோடு ஒரு அணியின் ஃபவுல்கள் ஒரு பாதியில் ஏழைத் தொட்டால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறிவது), அது விழுந்தால் இன்னொன்று. பத்தைத் தொட்டால் நேராக இரண்டு. ஆக ஒரு விசில் தப்பினால் அதோடு போவதில்லை, யார் ஆடுகிறார்கள், யார் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறார்கள் எல்லாமே மாறிவிடும்.

நான் ஊரில் இன்ஜினியரிங் படித்தபோது ஜோனல் மேட்ச் ஆடியிருக்கிறேன், சிமெண்ட் தரையில், முட்டி தேய. போட்டி நடத்துகிற கல்லூரியின் பி.டி. வாத்தியார்தான் ரெஃப்ரி. அவர் யாருக்கு விசில் ஊதுவார் என்று பஸ்ஸில் போகும்போதே தெரியும், பத்து புள்ளி கழித்துக்கொண்டுதான் மனக்கணக்கே போடுவோம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஆனால் ஒன்று, மனிதர் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஒரே மாதிரி ஓரவஞ்சனை செய்தார். அதற்குத் தகுந்த மாதிரி ஆடிக்கொள்ள முடிந்தது. இங்கே நான் பார்க்கிறது வேறு வியாதி. யார் பக்கமும் சாயவில்லை, ஆனால் எது ஃபவுல் என்பதே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது.

இதற்குக் காரணம் அவர்களுக்குக் கண் தெரியாததோ நேர்மை இல்லாததோ என்று நான் நினைக்கவில்லை. முதல் டிவிஷனில் மட்டும் 360க்கு மேல் அணிகள், 30க்கு மேல் கான்ஃபரன்ஸ்கள், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிக் குழுக்கள். விதிப்புத்தகம் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. போடுகிறது, ஆனால் வழக்கமான சீசனில் ரெஃப்ரிக்கு ஆட்டம் கொடுப்பதும் மார்க் போடுவதும் அந்தந்த கான்ஃபரன்ஸின் ஒருங்கிணைப்பாளர்கள். ரெஃப்ரிகள் யாருக்கும் முழுநேர ஊழியர்கள் இல்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஒப்பந்தக்காரர்கள், நிறைய பேருக்குப் பகலில் வேறு தொழில் உண்டு. செவ்வாய் ஒரு ஊர், புதன் இன்னொரு ஊர், நடுவில் விமானம், ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் ஒரு ருசி. இன்று கூட நிற்கிற இரண்டு பேரோடு நாளைக்கு நிற்கப்போவதில்லை. ஒரே ஆட்டத்தில் மூன்று ரெஃப்ரிகளுக்குள்ளேயே கோடு வேறு வேறு இடத்தில் இருந்தால், இடைவேளையில் அதைச் சரிபண்ணப் போய்தான் இப்படி எங்கள் டிசம்பர் ஆட்டம் மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் ஊகம்.

இன்னொன்றும் இருக்கிறது, சரிக்கட்டுவது. கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-05 சீசனின் 365 கல்லூரி ஆட்டங்களை எடுத்து அலசி 2009இல் ஒரு கட்டுரை போட்டார்கள். ஒரு அணிக்கு எதிரணியைவிட எவ்வளவு அதிகம் ஃபவுல் ஆகியிருக்கிறதோ, அடுத்த ஃபவுல் எதிரணி மேல் விழும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். அதோடு வெளியூர் அணி மேலும், முன்னணியில் இருக்கும் அணி மேலும் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பலகையில் ஃபவுல் கணக்கு 8-3 என்று தெரியும்போது, கோச் காதருகில் கத்தும்போது, எந்த மனிதனுக்கும் கை விசிலுக்குப் போகும். கோச்சுகளுக்கு இது தெரியாதா என்ன? அடித்தே ஆடு, எல்லாவற்றுக்கும் ஊதமாட்டார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

2012-13இல் ஒரு அணியின் சராசரி 67.5 புள்ளி என்ற அளவுக்கு இறங்கி, பல பத்தாண்டுகளில் இல்லாத வறட்சி வந்தபிறகு, 2013-14இல் என்.சி.ஏ.ஏ. கொஞ்சம் விழித்துக்கொண்டது. பந்து வைத்திருப்பவன் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தால் ஃபவுல், இரண்டு கையும் வைத்தால் ஃபவுல் என்று தெளிவாக எழுதினார்கள். நவம்பரில் விசில் மழை. ஜனவரியில் தூறல். மார்ச்சில் பழைய குருடி கதவைத் திறடி. சார்ஜ் விஷயம் இன்னும் மோசம்: தடுப்பாளர் எப்போது வந்து நின்றிருக்க வேண்டும் என்பதை அதே 2013-14இல் மாற்றினார்கள், 2023-24இல் மறுபடி மாற்றி, எழும்பப் போகிறவன் கடைசிக் காலைத் தரையில் ஊன்றும்போதே நின்றிருக்க வேண்டும் என்றார்கள். நல்ல விதிதான். ஊன்றிய காலையும் தடுப்பாளரின் மார்பையும் அரை நொடிக்குள் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்!

மார்ச் என்றதும் எனக்கு ஸாக் காலின்ஸ் ஞாபகம்தான் வரும். 2017, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, மார்ச்சில் நடக்கும் என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் போட்டிக்குள் வந்திருந்தது, இரண்டாவது சுற்றில் கான்சாகாவுக்கு எதிராக 22 புள்ளி பின்தங்கியிருந்து எட்டிப் பிடித்து ஐந்து புள்ளிக்குள் வந்துவிட்டது. அப்போது கான்சாகாவின் காலின்ஸ், கூடைக்குக் கீழேயிருந்து வளையத்துக்குள் கையை விட்டுப் பந்தைத் தட்டிவிட்டான். வளையத்துக்குள்! விசில் இல்லை. நார்த்வெஸ்டர்ன் கோச் ஆத்திரத்தில் களத்துக்குள் ஓடிவந்தார் (அவர் பெயரும் காலின்ஸ்தான், உறவில்லை), அதற்கு அவர் மேல் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. 79-73 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் என்.சி.ஏ.ஏ.யே அறிக்கை விட்டது, ஆமாம், தவறவிட்டுவிட்டோம் என்று.

இரண்டு வாரம் கழித்து அதே காலின்ஸ், இறுதி ஆட்டத்தில் கரோலினாவுக்கு எதிராக, ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஐந்து ஃபவுலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்று ரெஃப்ரிகள் மொத்தம் 44 ஃபவுல் ஊதினார்கள், பக்கத்துக்கு 22. இரண்டு பெரிய அணிகள் ஆடியும் பார்க்க சகிக்கவில்லை. கடைசி நிமிடத்தில், கரோலினா ஒரே ஒரு புள்ளி முன்னால், ஒரு பந்துக்காகக் கட்டிப்புரண்டார்கள், ஜம்ப் பால், அப்போது பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறி கரோலினா பக்கம். கரோலினாவின் கென்னடி மீக்ஸின் கை அப்போது வெளிக்கோட்டில் படிந்திருந்தது டிவியில் பளிச்சென்று தெரிந்தது, அப்படியென்றால் பந்து கான்சாகாவுக்குத்தான். ஜம்ப் பாலுக்கு ஊதியதால் திருப்பிப் பார்க்க விதியில் இடமில்லை. 71-65. எங்கள் வீட்டில் அன்று பாயசம். கோட்டில் இருந்த கையை நான் பார்த்தேனா? பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசி நிமிடத்தில் ரெஃப்ரி ஒதுங்கிக்கொள்ள வேண்டும், வீரர்களே முடிவு செய்யட்டும் என்று டிவியில் பேசுகிறவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். 38 நிமிடம் ஃபவுலாக இருந்தது கடைசி இரண்டு நிமிடம் ஃபவுல் இல்லை என்றால், ஊதாமல் விட்டதும் ஒரு முடிவுதானே, அடிப்பவனுக்குச் சாதகமான முடிவு. 2019 என்.சி.ஏ.ஏ. அரையிறுதியில் ஆபர்ன் 62-60 என்று முன்னால், சில நொடிகள்தான் பாக்கி. வர்ஜீனியாவின் டை ஜெரோம் பந்தைத் தவறவிட்டு, இரண்டு கையால் பிடித்து, மறுபடி தட்டிக்கொண்டு போனான். பிடித்த பந்தை மறுபடி தட்டக்கூடாது, ஸ்கூல் பையன் சொல்வான் டபுள் டிரிப்ளிங் என்று. ஊதவில்லை. ஆனால் அதே ஆட்டத்தில், 0.6 நொடி இருக்கும்போது, மூன்று புள்ளிக்கு எறிந்த வர்ஜீனியாவின் கைல் கய் என்பவன் மேல் ஆபர்ன் ஆள் மோதியதற்கு ஊதினார்கள். மூன்றும் உள்ளே, 63-62. எல்லோரும் அந்தக் கடைசி விசிலைத்தான் திட்டினார்கள், எனக்கு அதுதான் அந்த நிமிடத்தின் ஒரே சரியான விசில். முதல் நிமிடத்தில் ஃபவுல் என்றால் கடைசி நிமிடத்திலும் ஃபவுல். 2024 பெண்கள் அரையிறுதியில், 3.9 நொடி இருக்கும்போது யூகான் மேல் ஸ்கிரீன் ஃபவுல் (எதிராளியின் வழியை மறித்து நிற்பவர் நகர்ந்துவிடுவது) ஊதி அயோவா 71-69 என்று ஜெயித்ததே, அதிலும் நகர்ந்தது நிஜம். யூகான் கோச் ஜீனோ ஆரியம்மா அப்போது சொன்னதிலும் நியாயம் உண்டு: இப்படி ஒரு ஸ்கிரீனை ஒவ்வொரு முறையும் ஊதலாம் என்றார். அதேதான். ஒவ்வொரு முறையும் ஊதியிருந்தால் அன்று யாரும் வாயைத் திறந்திருக்க முடியாது.

ரெஃப்ரி ஆகிறவர்களை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. 2017இல் கென்டக்கி 75-73 என்று கரோலினாவிடம் தோற்றதும், அந்த ஆட்டத்தின் ஒரு ரெஃப்ரி ஊரில் நடத்திவந்த கூரை போடும் கம்பெனிக்கு, அவரிடம் ஒரு ஆணிகூட அடித்துக்கொள்ளாத ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் போன் போட்டு மிரட்டி, இணையத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டித் தீர்த்தார்கள். அசிங்கம்.

டிசம்பர் ஆட்டம் முடிந்து எழுந்தபோது பச்சைக் குல்லா பாட்டியின் நோட்டை எட்டிப் பார்த்தேன். முதல் பாதிப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி, இரண்டாம் பாதியில் ஏழு. இரண்டு அணிக்கும் கலந்துதான் போட்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கி, பென்சிலை நோட்டின் சுருள் கம்பிக்குள் செருகிக்கொண்டார்.

2025-26 சீசனிலிருந்து ஆண்கள் ஆட்டத்திலும் கோச் சேலஞ்ச், அதாவது ரெஃப்ரியின் முடிவை வீடியோவில் திருப்பிப் பார்க்கச் சொல்லும் உரிமை, வந்துவிட்டது. பந்து யார் பட்டு வெளியே போனது, கூடையில் விழப்போன பந்தைத் தட்டினார்களா, அரைவட்டத்துக்குள் கால் இருந்ததா என்ற மூன்று விஷயங்களுக்குத்தான் கேட்கலாம், அதுவும் கையில் டைம் அவுட் இருந்தால். முதுகில் முன்னங்கை, இடுப்பால் தள்ளுவது, மணிக்கட்டில் அடி, எதற்கும் கேட்க முடியாது. அந்த நோட்டில் இருந்த ஒன்பது கேள்விக்குறியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இது உதவியிருக்கும், அந்த சென்டர் பையனின் ஐந்தாவதுக்கு.