பர்மா ஸ்டார்: ஒரு நாள் போதும், ஆனால் எந்த நாள், எந்த இடம்?

தாத்தாவின் பெட்டியிலிருந்து ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று கிடைத்ததும் பலரும் முதலில் கேட்பது, "இது வீரப் பதக்கமா?" என்று. இல்லை. பர்மா ஸ்டார் வீரச் செயலுக்குத் தந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் குறிப்பிட்ட போர்முனையில் பணியாற்றியதற்கான சான்று அது. அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. அந்த மனிதர் எங்கே, எப்போது நின்றார் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பொருள் வீட்டில் வேறு இருக்காது.

1945 மே மாதம் பிரிட்டன் அறிவித்த பதக்கம் இது. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாவில் (இன்றைய மியான்மர்) களப்பணி, அதாவது போர் நடவடிக்கைப் பணி, செய்த தரைப்படையினருக்கு ஒரு நாள் பணியே போதும். கடற்படைக்கு அப்படியில்லை: வங்காள விரிகுடா போன்ற வரையறுத்த கடற்பகுதியில் பணியாற்றியிருக்க வேண்டும், அதற்கு முன்பே 1939-45 ஸ்டாருக்கான (போர்க்காலக் களப்பணிக்குரிய பொது நட்சத்திரம்) 6 மாதங்களையும் முடித்திருக்க வேண்டும். விமானிகளுக்கு ஒரு முறை போர்ப் பறப்பு போதும்.

குழப்பம் தொடங்குவது பர்மா எல்லைக்கு வெளியேதான். வங்காளம், அசாம் மாகாணங்களில் 1942 மே 1 முதல் 1943 டிசம்பர் 31 வரை செய்த களப்பணி கணக்கில் வரும். 1944 ஜனவரி 1 முதல் அந்த மாகாணங்களின் குறிப்பிட்ட பகுதிகள் மட்டுமே. ஆகவே "அசாமில் இருந்தார்" என்ற குடும்ப நினைவு மட்டும் போதாது. எந்த ஊர், எந்த மாதம் என்று தெரிந்தாக வேண்டும்.

மலாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. அதுவரை மலாயாவில் போரிட்டவருக்கு பசிபிக் ஸ்டார். பிப்ரவரி 16 முதல் அங்கே களப்பணி செய்தவருக்கு பர்மா ஸ்டார். "தாத்தா பசிபிக் பக்கமே போகவில்லையே, பதக்கம் மாறிவிட்டதா?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஒரு நாள் வித்தியாசம்தான் பதில். இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்கும் இரண்டு நட்சத்திரம் கிடையாது. முதலில் தகுதி பெற்றது நட்சத்திரமாக வரும், மற்றது அதன் ரிப்பனில் ஓர் உலோகப் பட்டையாக ஏறும். ரிப்பனை மட்டும் அணியும்போது பட்டைக்குப் பதில் ரோஜா வடிவச் சிறிய வெள்ளிச் சின்னம்.

இந்தியாவை விட்டே போகாதவர்களுக்கு இந்தியா சர்வீஸ் மெடல் உண்டு. இந்தியப் படையினருக்கு மட்டுமே உரியது. களப்பணி அல்லாத 3 ஆண்டுப் பணி வேண்டும். களப்பணி அல்லாத பணிக்கான இன்னொரு பதக்கமான டிஃபென்ஸ் மெடல் பெற்றவருக்கு இது தரப்படாது. பின்புறம் இந்திய வரைபடம், கீழே தாமரை. பர்மா ஸ்டார் இல்லையே என்று வருந்தும் குடும்பங்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் நிற உலோகம், அகலம் சுமார் 38 மி.மீ. நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள், மேலே கிரீடம். ரிப்பனின் நடுவே அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு. சிவப்பு காமன்வெல்த் படைகளுக்கு, ஆரஞ்சு சூரியனுக்கு.

பின்புறம்தான் முக்கியம். பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே தந்தார்கள். இந்தியர், தென்னாப்பிரிக்கர், ஆஸ்திரேலியர் பெற்றவற்றில் பெயரும் படை எண்ணும் பொறிக்கப்பட்டன. அந்த எண்தான் ஆவணத் தேடலின் சாவி. பளபளப்பாக்கும் ஆசையில் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் மங்குவது அந்த எழுத்துகளே. மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். வார்ப்பில் செய்த போலிகளில் பரப்பு சொரசொரப்பாகவும் எழுத்து விளிம்புகள் மழுங்கியும் இருக்கும். அசல் அச்சில் அடித்தது, விளிம்பு கூர்மையாக நிற்கும்.

சட்டமிடும்போது வரிசை: 1939-45 ஸ்டார் முதலில், பின் பர்மா ஸ்டார், டிஃபென்ஸ் மெடல் இருந்தால் அது, வார் மெடல் (போர்க்காலப் படைப்பணிக்கான பொதுப் பதக்கம்), கடைசியில் இந்தியா சர்வீஸ் மெடல். 1939-45 ஸ்டாரின் ரிப்பனில் கருநீலக் கோடு அணிபவரின் இடது தோளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதைத் தலைகீழாகத் தைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பர்மா ஸ்டாரின் ரிப்பன் இருபுறமும் ஒன்றே, எப்படித் தைத்தாலும் சரி.