டுக்... டுக்... டுக்

தீச்சுடர் பீய்ச்சும் ஊதுவிளக்கின் சீற்றம் கேட்டுத்தான் நின்றேன். நார்வேயின் பெர்கன் துறைமுகம், பழைய மீன்பிடிப் படகு.

பெரியவர் எஞ்சின் தலையிலிருந்த இரும்புக் குமிழைச் சூடேற்றிக்கொண்டே இருந்தார். எனக்குக் குளிரில் கால் மரத்துவிட்டது. பிறகு சுழல்சக்கரத்தை ஒரு சுண்டு.

டுக்... டுக்... டுக்.

1890-இல் ஆங்கிலேயர் ஆக்ராய்ட் ஸ்டூவர்ட் காப்புரிமை பெற்ற, குமிழின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும் சூட்டுக்குமிழ் எஞ்சினின் வழிவந்தது இது.

இதில் பின்னோக்கிப் போக கியர் கிடையாது! எஞ்சினைச் சாகும் தறுவாய்வரை தணியவிட்டு, சரியான நொடியில் எரிபொருளைப் பாய்ச்சினால் எதிர்ப்பக்கம் சுழலும். நொடி தப்பினால் படகுத்துறையில் முட்டல்தான்.

அந்நாளில் தம் வீட்டு ஆளின் படகு திரும்புவதைச் சத்தத்தை வைத்தே அறிவார்களாம்.

பக்கத்தில் புதுப்படகுகள் உறுமிக்கொண்டு போயின. எல்லாவற்றுக்கும் ஒரே குரல்.