கம்பத்தில் சர்வர், குமுளியில் நகல்

எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய் வியாபாரம். தேனி மாவட்டத்துக் கம்பத்தில் அலுவலகம், மலைக்கு மேலே கேரள எல்லைக்குள் குமுளியில் கிடங்கு. ஒரே வியாபாரம்தான், ஆனால் ஜிஎஸ்டி பதிவு இரண்டு: தமிழ்நாட்டுக்கு 33-இல் தொடங்கும் எண், கேரளத்துக்கு 32-இல் தொடங்கும் எண். போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் எடுக்கும் சரக்கு, சலித்து ரகம் பிரித்து வடக்கே அனுப்பும் சரக்கு, எல்லாவற்றின் கணக்கும் கம்பத்தில் உள்ள ஒரே சர்வரில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏறுகிறது. கூடவே எடைச்சீட்டு ஸ்கேன், இ-வே பில், வாங்குபவர்களுக்கு அனுப்பிய காய் படங்கள். மொத்தம் 300 ஜிபிக்குப் பக்கம்.

பழைய கம்ப்யூட்டரை மாற்றி ஒழுங்கான சர்வர் ஒன்று வாங்கியபோதுதான் பேக்கப் பேச்சு வந்தது. விற்றவர், "ரெய்டு போட்டிருக்கோம் சார், ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா, தனியா பேக்கப் எல்லாம் வேண்டாம்" என்றார். சித்தப்பாவுக்கு அது பிடித்துப்போனது, செலவு மிச்சம். எனக்கு ஒப்பவில்லை. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க மட்டும்தான். யாராவது ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் சேர்ந்து பூட்டும். ஐப்பசியில் இடி இறங்கினால் பெட்டியோடு இரண்டும் போகும். இந்தப் பக்கம் இடியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால், சித்தப்பா கடைசிக் காரணத்துக்குத்தான் இறங்கி வந்தார்.

மென்பொருள் தேடுவதற்கு முன்னால் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். எத்தனை மணி நேரக் கணக்கு போனால் தாங்குவோம்? சர்வர் படுத்தால் எத்தனை நாள் பொறுப்போம்? முதலாவதற்கு அவர் சொன்ன பதிலில் விஷயம் இருந்தது. சாதாரண நாளில் அரை நாள் கணக்கு போனாலும் சிட்டை கையில் இருக்கிறது, திரும்ப ஏற்றிவிடலாம். சீசனில், அதுவும் ஏலத்துக்கு மறுநாள், அரை நாள் போனாலே கஷ்டம். இரண்டாவதற்கு, "இருபதாம் தேதி பக்கம் மட்டும் படுக்கக் கூடாதுப்பா" என்றார். மாதாமாதம் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டனைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அதுதான். மற்றபடி இரண்டு நாள் சமாளிக்கலாமாம்.

இந்தப் பதிலே பாதித் திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டது. டேலி டேட்டா சுருக்கினால் ஒரு ஜிபிகூட வராது, ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். படங்களும் ஸ்கேனும் மலையளவு இருக்கும், ஆனால் ஒருமுறை வந்து உட்கார்ந்தால் மாறாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் செலவும் தலைவலியும்தான். டேலிக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நகல், ராத்திரி ஒரு நகல். மற்றதற்கு ராத்திரி மட்டும்.

எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை ஆடிட்டர் தீர்த்து வைத்தார். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, அந்த வருடத்து ஆண்டு ரிட்டனின் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கு இருக்க வேண்டும். 2023-24 கணக்குக்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆக, 2030 டிசம்பர் 31 வரை. கம்பெனிகளுக்கு எட்டு வருடம். அதோடு, மின்னணுக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. நாங்கள் பார்ட்னர்ஷிப், அது எங்களைக் கட்டாது. இருந்தாலும் எட்டு வருடம், இந்தியாவுக்குள் என்றே வைத்துக்கொண்டோம். நாளைக்குக் கம்பெனியாக மாறினால் திரும்ப உட்கார வேண்டாம் பாருங்கள்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பீட்டர் கிரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பியது. வெளியூர் என்றதும் எல்லோரும் கிளவுடைத்தான் சொல்கிறார்கள். எங்கள் லைனில் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ். 300 ஜிபியை அதில் ஏற்ற, இடையில் ஒரு நொடி அறுந்து போகாமல் இருந்தாலும், 67 மணி நேரம் ஆகும். டேலியின் ஒரு ஜிபிக்குக் கால் மணி நேரம் போதும். அதனால் டேலியை மட்டும் ராத்திரி மும்பையில் இருக்கும் அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறோம். படங்களுக்கு என்ன வழி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற பிக்கப் வண்டி கண்ணில் பட்டது. சீசனில் தினமும், மற்ற நாளில் வாரத்துக்கு ஒருமுறையாவது அது குமுளிக்குப் போய் வருகிறது. ஒரு ஹார்ட் டிஸ்க் அந்த வண்டியில் மலையேற ஒரு மணி நேரம். எந்த லைனும் எங்களுக்கு அந்த வேகத்தைத் தராது.

இரண்டு வெளி டிஸ்க் வாங்கி அ, ஆ என்று ஒட்டினோம். ஒன்று கம்பத்தில், ஒன்று குமுளிக் கிடங்கு ஆபீஸின் இரும்பு பீரோவில். மேலே ஈரக்காற்று அதிகம் என்பதால் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. சனிக்கிழமை சிட்டைக் கட்டோடு ஒன்று மேலே போகும், மற்றது கீழே வரும். டிரைவர் அண்ணனுக்கு இது புது வேலையே இல்லை, அவர் கொண்டு போகும் பையில் ஒரு டப்பா கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் நான் பிடிவாதமாக இருந்த ஒரே இடம் இதுதான்: யாரும் புதிதாக ஒன்றை நினைவு வைத்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. ஏற்கெனவே நடக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். கம்பத்து டிஸ்கைச் செருகுவதுகூட ஷட்டர் இறக்குவதற்கு முன் கல்லா எண்ணும் தம்பியின் வேலை. காலையில் வந்ததும் கழற்றிவிடுவார். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் பரவியபோது உலகம் முழுக்க என்ன நடந்தது என்பது தெரியும். அந்த வகை வைரஸ், செருகியிருக்கும் டிஸ்கையும் நெட்வொர்க்கில் திறந்திருக்கும் ஃபோல்டரையும் விடாது. பீரோவுக்குள் கிடக்கும் டிஸ்கை அதனால் தொட முடியாது.

மென்பொருளுக்கு ரெஸ்டிக். இலவசம். கருந்திரையில் கட்டளை அடிக்க வேண்டியிருப்பது ஒன்றுதான் குறை, அதையும் ஒரு முறை எழுதி, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டால் முடிந்தது. மாறாத கோப்பைத் திரும்ப நகலெடுக்காது. அதனால் முதல் ராத்திரி நெடுநேரம் ஓடினாலும், பிறகு நிமிடங்களில் முடிகிறது. வண்டியில் போகும் டிஸ்க் வழியில் தொலைந்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் யாராலும் பிரிக்க முடியாது. அதே காரணத்தால் பாஸ்வேர்டு தொலைந்தால் நம்மாலும் முடியாது. அதைத் தாளில் எழுதி ஒன்றைப் பத்திரங்களோடு பேங்க் லாக்கரிலும் ஒன்றைச் சித்தி பொறுப்பிலும் வைத்தோம். சித்தியிடம் இருப்பதுதான் பத்திரமானது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தினசரி நகல் ஏழு, வார நகல் ஐந்து, மாத நகல் பன்னிரண்டு என்று விட்டு மற்றதை அதுவே கழித்துவிடும். மார்ச் 31 கணக்கு முடித்து எடுக்கும் நகலுக்கு மட்டும் தனிக்குறி, அதை எட்டு வருடத்துக்குத் தொடாது. டேலி திறந்திருக்கும்போது எடுக்கும் நகலை நான் நம்புவதில்லை. மதியமும் ராத்திரியும் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறோம். கிளவுடில் பழைய பதிப்புகளையும் விட்டுவைக்கும் வெர்ஷனிங் போட்டு, சர்வரிடம் இருக்கும் சாவிக்குப் பழைய பதிப்பை அழிக்கும் உரிமை தரவில்லை. சர்வருக்குள் நுழைந்தவன் மும்பை நகலையும் துடைத்துவிட்டுப் போக முடியாது.

எடுத்து வைப்பது சுலபம், திரும்பக் கொண்டுவருவதில்தான் விஷயம் இருக்கிறது. குமுளி ஆபீஸைப் பார்க்கும் சேச்சியிடம் ஒரு தாளைக் கொடுத்தோம். தமிழிலும் மலையாளத்திலும் படிப்படியாக எழுதியது. கம்பத்து சர்வர் எரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் போன் போடக் கூடாது, பீரோவில் உள்ள டிஸ்கிலிருந்து அங்குள்ள கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்து காட்டுங்கள் என்றோம். கோப்புகள் சேதமில்லாமல் வந்துவிட்டன. டேலிதான் திறக்கவில்லை. குமுளியில் இருந்தது பழைய பதிப்பு, புதிய பதிப்பில் எழுதிய டேட்டாவை அது படிக்காது. புதிய பதிப்பை ஏற்றியதும் அடுத்த சிக்கல்: லைசென்ஸ் கம்பத்து சர்வரில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓடினால் அது கல்விப் பயன்முறை. மாதத்தில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட விடும். "இதுல எங்ஙன சாரே கணக்கு எழுதுறது?" என்று சேச்சி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

உண்மையிலேயே சர்வர் எரிந்திருந்தால் லைசென்ஸை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற, அது பதிவான மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வேண்டும். தேடிப் பார்த்தால் அது பல வருடம் முன்பு வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்த மின்னஞ்சல். அவரைப் பிடித்து மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்ல மனிதர், ஓடிபி வரும்வரை போனிலேயே இருந்தார். அதன் பிறகு பேக்கப் பட்டியலில் டேட்டா அல்லாத சங்கதிகளும் ஏறின: டேலி இன்ஸ்டாலர், லைசென்ஸ் எண், ஜிஎஸ்டி லாகின், எந்த ஓடிபி யார் போனுக்கு வரும் என்ற விவரம். சேச்சி தடுமாறிய இடங்களைக் கேட்டுத் தாளையும் திருத்தினோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3பி முடிந்த வாரத்தில் அவர் இதைச் செய்து, போன மாதக் கடைசி பில்லின் தொகையைச் சொல்ல வேண்டும். கம்பத்துக் கணக்கோடு பைசா சரியாக இருந்தால் சரி.

மழைக்காலத்துக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறோம். 2018 ஆகஸ்டில் இடுக்கி முழுக்கப் பாதைகள் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மலைப்பாதை அடைத்தால் அந்தச் சனிக்கிழமை டிஸ்க் மாறாது. டேலி எப்படியும் மும்பைக்குப் போய்விடும், படங்கள் ஒரு வாரம் பின்தங்கினால் பரவாயில்லை. அதற்காக யாரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்று தாளிலேயே எழுதியிருக்கிறது.

நகல் ஓடியதா என்று பார்ப்பது காலை வேலை. ஆபீஸ் திறந்ததும் ஏல விலை பார்க்கும் அதே திரையில் நேற்றைய தேதியும் அளவும் ஒரு வரியில் நிற்கும். தேதி பழசாக இருந்தால் எனக்குச் சொல்வார்கள். பிழை வந்தால் மட்டும் செய்தி வரட்டும் என்று விட்டிருந்தால், மொத்தமாக நின்றுபோன அன்றைக்கு எந்தச் செய்தியும் வராது.

பாக்கி இருப்பது சித்தப்பாவின் போன். டில்லிக்காரர்கள் பேசும் விலை, ஆர்டர், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அவர் வாட்ஸ்அப்பில்தான். சர்வருக்கு அதெல்லாம் வருவதே இல்லை. அதையும் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். போனை ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும் என்று சொல்லியும், "சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்கிறார்.