பழைய டர்ட் பைக்கின் முன் ஃபோர்க் ஸ்ப்ரிங்

என்னிடமுள்ள 1996ஆம் ஆண்டின் ஹோண்டா எக்ஸ்ஆர்400ஆர் வண்டியில், வயதாலும் என் எடையாலும் முன்பக்கம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆழமாக அமிழத் தொடங்கியதால், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு அதிர்வுதாங்கிக் குழாய்களின்) ஸ்ப்ரிங்குகளை மாற்ற முடிவு செய்தேன்.

முதலில் அளவெடுத்தேன். ஃபோர்க்கின் நீளத்தை, முன்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி ஓர் அளவும், சவாரி உடைகளுடன் நானே ஏறி நின்று இன்னோர் அளவும் எடுத்தால், இரண்டின் வித்தியாசமே அமிழ்வு. அது ஃபோர்க்கின் மொத்த ஓட்டத்தில் (அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. ஸ்ப்ரிங்கின் மேல் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் துண்டு) வைத்து முன்னழுத்தத்தை, அதாவது சுமை ஏறும் முன்பே ஸ்ப்ரிங் அழுந்தியிருக்கும் அளவைக் கூட்டினால் முன்பக்கம் உயருமே தவிர, ஸ்ப்ரிங்கின் விறைப்பு சிறிதும் மாறாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆள் ஏறியபோது அமிழ்வு சரியாகவும், ஆளில்லாதபோது வண்டி ஏறக்குறைய அமிழாமலும் நின்றால், அந்த ஸ்ப்ரிங் உங்கள் எடைக்கு மென்மையானது.

மில்லிமீட்டருக்கு 0.40 கிலோ ஸ்ப்ரிங்கிற்குப் பதிலாக 0.44 போட்டால், 100 மில்லிமீட்டர் அழுத்தத்தில் ஃபோர்க்கின் இரு கால்களும் (குழாய்களும்) சேர்ந்து 80 கிலோவுக்குப் பதில் 88 கிலோ தாங்கும். சிறிய எண்ணாகத் தோன்றினாலும் கைப்பிடியில் அது தெளிவாகத் தெரியும்.

கழற்றும்போது, ஃபோர்க்கை வண்டியோடு பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தியதும், ஃபோர்க் இன்னும் வண்டியில் இருக்கையிலேயே மேல்மூடியைச் சற்று இளக்கிவிட வேண்டும். ஆயிலின் மட்டத்தை ஸ்ப்ரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுதும் அழுத்திய நிலையில், இரு கால்களிலும் ஒரே அளவாக வைத்தேன்.