பரணில் கிடந்த பிரிண்டர்

நெடுநாள் ஓடாமல் கிடந்த இங்க்ஜெட் பிரிண்டரை எந்தக் கடைக்கு எடுத்துப் போனாலும், மேல்மூடியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "ஹெட் போய்விட்டது சார்." ஹெட் என்பது நுண்துளைகள் வழியே காகிதத்தில் மையைத் தெளிக்கிற பாகம். அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: "ஹெட் மாற்றுகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்." பாட்டிலிலிருந்து மை ஊற்றுகிற எங்கள் வீட்டு டேங்க் பிரிண்டருக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. அதை ஏற்க மனமில்லாமல் பெட்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து, மேல்முறையீட்டை நானே நடத்தினேன்.

பிரிண்டர் அப்பாவுடையது. கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். 2020 ஊரடங்கில் மூடிய கடையை அவர் பிறகு திறக்கவில்லை. பெரிய ஜெராக்ஸ் மெஷின் விலைபோனது. பிரிண்டரை வாங்க ஆளில்லாமல் பரணில் ஏற்றிவிட்டார்கள். மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கிற பரண் அது. கத்திரி வெயில் காலத்தில் அங்கே கையை நீட்டினாலே சுடும். மை காயாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். அக்கா மகள் பள்ளிக்கு வரைபடமும் படமுமாக அச்செடுத்துக் கேட்கத் தொடங்கியபோதுதான், "தாத்தா பிரிண்டர் சும்மாதானே இருக்கிறது மாமா?" என்று அதற்கு மறுபிறவி கொடுத்தாள்.

இந்த வேலையில் இறங்குமுன் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இங்க்ஜெட்டில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, மையைச் சூடாக்கி, அதில் எழும் குமிழியால் துளியைத் தள்ளுவது. 1977-ல் கேனன் ஆராய்ச்சிக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட, நுனியிலிருந்து மை தெறித்ததைப் பார்த்துப் பிறந்த வழி அது. ஹெச்பியும் தனியாக அதே வழிக்கு வந்து 1984-ல் திங்க்ஜெட் பிரிண்டரை வெளியிட்டது. இன்னொன்று, மின்னழுத்தம் கொடுத்தால் வளைகிற பீசோ படிகத்தால் துளியைத் தள்ளுவது. எப்சனும் பிரதரும் இந்த வழி. ஹெச்பியின் 803 போன்ற சிறிய கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. அது காய்ந்துபோனால் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டால் கதை முடிந்தது, மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். பீசோ ஹெட் பிரிண்டரோடு வாழ்ந்து பிரிண்டரோடு போவதற்காகச் செய்யப்பட்டது. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். எங்களுடையது பீசோ. கறுப்புக்கு 180 துளைகள், மற்ற மூன்று நிறங்களுக்கும் தலா 59. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது.

மையின் வகையும் முக்கியம். எங்கள் பிரிண்டரில் நான்கு நிறங்களும் சாய மை. சாய மையில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போனால் மிச்சம் பிசினாகக் கெட்டியாகும். மறுபடி தண்ணீர் பட்டால் அது கரைந்துவிடும், நேரம்தான் பிடிக்கும். பிக்மென்ட் மையாக இருந்தால் நுண்துகள்களும் பிசினும் சேர்ந்து இறுகிப்போயிருக்கும், கரைப்பது பெரும்பாடு. சாய மை என்று தெரிந்தபோதே எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

கீழே இறக்கியதும் மின்சாரம் கொடுக்கவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பல்லி முட்டை ஓடுகள், செத்த கரப்பான், காகிதம் இழுக்கும் வழியில் ஒரு ஸ்டேப்ளர் பின். அப்படியே ஆன் செய்திருந்தால் ஓடுகிற ஹெட் அந்தப் பின்னில் உரசியிருக்கும். அப்பா கடைக்காரர் புத்தியோடு டேங்க் பக்கத்திலுள்ள குமிழைப் பயண நிலைக்குத் திருப்பி வைத்திருந்ததால் மை வெளியே கசியவில்லை. டேங்கில் மிஞ்சியிருந்த மை பாகுபோல் இருந்தது. அதைச் சிரிஞ்சால் உறிஞ்சிக் கொட்டிவிட்டு டேங்கை அலசினேன்.

சாமான்கள் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. மருந்துக்கடையில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சுகள், டிரிப்ஸ் ஏற்றும் குழாய் ஒன்று. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர். கேட்கும்போது ஆசிட் கலக்காத வெறும் தண்ணீர் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிறது. அதை ஹெட்டுக்குள் விட்டால் மையடைப்பு போய் உப்படைப்பு வரும். கொரோனா காலத்துச் சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று சிலர் அதை ஊற்றுகிறார்கள். கைக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் கிளிசரினும் கூழாக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். வேண்டவே வேண்டாம்.

இனி முக்கியமான இடம். பிரிண்டர் ஓய்வில் இருக்கும்போது ஹெட் வலது ஓரத்தில், ரப்பர் விளிம்புள்ள ஒரு சின்னத் தொட்டியின் மேல் போய் உட்காரும். மெக்கானிக்குகள் கேப் என்பார்கள். துளைகள் காயாமல் காக்கிற மூடி அது. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தொட்டியின் அடியில் ஒரு குழாய், அதன் மறுமுனையில் ஒரு பம்ப். ஹெட் கிளீனிங் கொடுக்கும்போது பம்ப் இந்தத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாக்கித் துளைகள் வழியே மையை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சிய மை பிரிண்டரின் அடியில், கழிவு மையைப் பிடித்துவைக்கும் பஞ்சுப் பட்டையான வேஸ்ட் பேடுக்குப் போகிறது. ஆக, ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டாலோ அடிக்குழாய் அடைபட்டிருந்தாலோ வெற்றிடமே உண்டாகாது. கிளீனிங் பட்டனை நாள் முழுக்க அழுத்தினாலும் ஒரு சொட்டு மை நகராது. அச்சில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருக்கும். பார்க்கிறவர் ஹெட் செத்துவிட்டது என்பார். இதில் ஒரு கொடுமை, மை நகர்ந்ததோ இல்லையோ, ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இவ்வளவு மை பேடில் சேர்ந்தது என்று பிரிண்டர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

அதனால் ஹெட்டை விட்டுவிட்டு முதலில் மூடியைப் பார்த்தேன். இரண்டும் காய்ந்த மையால் ஒட்டிப்போயிருந்தன. இந்த நிலையில் இழுத்தால் ரப்பர் விளிம்பு கிழியும். சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, ஹெட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். மறுநாள் ஆன் செய்ததும் ஹெட் சத்தமில்லாமல் பிரிந்து இடப்பக்கம் நகர்ந்தது. நகர்ந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். முரட்டு வழிதான், ஆனால் ஹெட்டை வெளியே நிறுத்த இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

தொட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்ச் தார் உறைந்ததைப் போல் கறுத்துக் கல்லாகியிருந்தது. வெந்நீர் விடுவதும் டிஷ்யூவால் ஒற்றி எடுப்பதுமாகச் சாயம் வெளிறும்வரை செய்தேன். பிறகு சோதனை. தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, ஒரே ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டுப் பார்த்தால் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். வற்றவில்லை. விட்ட தண்ணீர் விட்டபடி நின்றது. பம்ப் பக்கம்தான் அடைப்பு. கடையில் யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது, பார்க்க மெனக்கெடவும் இல்லை.

பின்பக்கம் வேஸ்ட் பேடுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தேன். முதலில் அசையவில்லை. மேலிருந்து வெந்நீர், கீழிருந்து இழுப்பு, நடுவில் காத்திருப்பு. கடைசியில் மண்புழு நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று வழுக்கி வந்து விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் தடதடவென்று வந்தது. மறுபடி தொட்டியை நிரப்பிக் கிளீனிங் கொடுத்தேன். தொட்டி வற்றிப்போயிருந்தது. உண்மையில் பிரிண்டர் பிழைத்தது அந்தக் கணத்தில்தான். பக்கத்தில் நிற்கிற வைப்பர் ரப்பரையும் துடைத்தேன். அதில் பிசுக்கு இருந்தால் ஹெட்டைத் துடைப்பதற்குப் பதில் பூசிவிட்டுப் போகும்.

புது மை ஊற்றி, எந்தத் துளைகள் திறந்திருக்கின்றன என்று காட்டும் நாசில் செக் பக்கத்தை எடுத்தேன். நீலம் முழுதாக வந்தது. கறுப்பில் பாதி. மஞ்சளில் அங்கங்கே இடைவெளி. மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பு ஒரு கோடுகூட வரவில்லை. இந்த இடத்தில் கை பரபரக்கும், கிளீனிங் பட்டனை விடாமல் அழுத்தத் தோன்றும். சிலமுறை செய்தும் தேறாவிட்டால் பிரிண்டரை அணைத்துப் பல மணிநேரம் விட்டுவைக்கும்படி கையேடே சொல்கிறது. உள்ளே நுழைந்த காற்றுக் குமிழ்கள் ஒதுங்கவும் புது மை பழைய பிசினை இளக்கவும் அந்த அவகாசம் வேண்டும். அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். கறுப்பும் மஞ்சளும் அப்படி விட்டுவிட்டு எடுத்ததிலேயே தேறின.

மெஜந்தா மட்டும் மசியவில்லை. டேங்கிலிருந்து வரும் மை ஹெட்டுக்குள் நுழையுமுன் தங்குகிற, டேம்பர் என்கிற, வடிகட்டி வைத்த சிறு அறைகளைக் கழற்றினேன். மெஜந்தாவின் டேம்பருக்குள் மையே இல்லை, காற்று மட்டும். சிரிஞ்சால் உறிஞ்சி அதுவரை மையைக் கொண்டுவந்தேன். ஹெட்டின் மேலுள்ள மெஜந்தா மூக்கில் டிரிப்ஸ் குழாயைப் பொருத்தி வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லச் செலுத்தினேன். இங்கே சிரிஞ்சின் அளவு முக்கியம். கட்டைவிரலின் பலம் ஒன்றுதான் என்றாலும் சிறிய சிரிஞ்சில் அழுத்தம் பலமடங்காகும், பீசோ அறைகளின் மெல்லிய சுவர் தாங்காது. பெரிய சிரிஞ்சில், தள்ளுகிறோமா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் தள்ள வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஹெட்டுக்குப் போகும் பட்டை ஒயரில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. ஈரத்தோடு ஆன் செய்தால் ஹெட்டும் மெயின் போர்டும் சேர்ந்தே போகும். அப்படிப் போன ஹெட்டை எந்தத் தண்ணீரும் எழுப்பாது. இணைப்பைக் கழற்றிவைத்து வேலைசெய்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்திய பிறகுதான் திரும்பச் செருகினேன்.

மெஜந்தா வந்தது. ஓரிரு துளைகள் இன்னும் திறக்கவில்லை. நாசில் செக்கில் தெரிகிறது, படத்தில் தெரிவதில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு சில்லறை வேலைகள். ஹெட் ஓடுகையில் ஓரத்தில் போய் முட்டியது. அதன் பின்னால் குறுக்கே ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையான என்கோடர் ஸ்ட்ரிப்பில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதிலுள்ள நுண்கோடுகளை எண்ணித்தான் ஹெட் தன் இருப்பிடத்தை அறிகிறது. ஈரத்துணியால் துடைத்ததும் முட்டுவது நின்றது. ஆல்கஹாலைத் தொட்டிருந்தால் கோடுகளே அழிந்திருக்கலாம். காகிதம் இழுக்கும் ரோலர் ரப்பர் வழவழப்பாகிவிட்டிருந்தது, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் பிடிப்பு திரும்பியது.

வேஸ்ட் பேடு கடைசி. கடைக்காலத்து மையெல்லாம் அதில்தான். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு அலச அலசக் கறுப்பு ஓயவில்லை. கொல்லைப்புறச் சிமெண்டுத் தரை கறை படிந்ததற்கு அம்மா இன்றும் என்னை விடுவதாக இல்லை. வெயிலில் காயவைத்துத் திரும்ப வைத்தேன். பேடைச் சுத்தம் செய்தாலும் பிரிண்டரின் கணக்கு தானாகக் குறையாது. வரம்பு வந்ததும் விளக்குகள் மாறி மாறிக் கண்சிமிட்டி வேலைநிறுத்தம் செய்யும். அதை ரீசெட் செய்ய இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் பலவற்றில் வைரஸும் இலவசம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் தன் லேப்டாப்பில் சிறு தொகைக்குச் செய்துகொடுத்தார். பேடைத் தொடாமல் ரீசெட் மட்டும் செய்துகொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் மேசை ஒரு நாள் நீலமாகும்.

நாலு பாட்டில் மையைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. அக்கா மகள் இந்திய ஆறுகளின் வரைபடத்தை அச்செடுத்தாள். அப்பா வந்து காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வரலாம்" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எந்தக் கறுப்பும் போதாது.

இப்போது வாரம் ஒருமுறை நான்கு நிறங்களும் உள்ள ஒரு பக்கம் எடுத்துவிடுகிறோம். சுவரிலுள்ள சுவிட்சை நேராக அணைப்பதில்லை. பிரிண்டரின் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். அச்செடுக்கும்போது கரண்ட் போய்விட்டால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். கரண்ட் வந்ததும், அச்செடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒருமுறை ஆன் செய்து முறையாக அணைக்கும்படி அக்கா மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிரிண்டர் பக்கத்துச் சுவரில் அதை எழுதியும் ஒட்டியிருக்கிறாள், மெஜந்தா எழுத்தில்.