புள்ளி வைத்த ஃபோல்டர்கள்: வியாசர்பாடி இரவுப் பாடசாலைக் கணினி

ஜூன் 9, 2025, திங்கள்

பாடசாலைக் கணினியில் 4 ஜிபி ராம், சுபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்). ஏப்ரலோடு அதற்கான ஆதரவு முடிந்தது, பழைய ஃபைல்களும் செட்டிங்ஸும் போகாமல் 24.04-ஐப் புதிதாகப் போட வேண்டும். அவை இருக்கும் ஹோம் ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷனில் இருந்திருந்தால், இன்ஸ்டாலில் அதற்கான ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டாலே போதும். இங்கே அப்படி இல்லை, பென்டிரைவில் பேக்கப் எடுக்க வேண்டும்.

ஃபைல் மேனேஜரான துனாரில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் கான்ஃபிக் (செட்டிங்ஸ்), லோக்கல் (புரோகிராம்களின் டேட்டா) இரண்டும் கட்டாயம். கேஷ் (தற்காலிக ஃபைல்கள்) வேண்டாம், இடத்தைத்தான் அடைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் 'ஸ்நாப்' ஃபோல்டரில் உள்ளன. அதற்குப் புள்ளி கிடையாது. புள்ளி வைத்ததை மட்டும் எடுப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஜூன் 10, செவ்வாய்

பென்டிரைவ் ஃபேட்32. அதில் அப்படியே காப்பி செய்தால் யாருடைய ஃபைல், யார் திறக்கலாம் என்ற விவரம் போய்விடும். டார் (பல ஃபைல்களை ஒரே ஃபைலாக்கும் தொகுப்பு) கட்டிப் போட்டால் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

ஹோமுக்கு வெளியே இருப்பதால் தனியாக எடுக்க வேண்டியவை: கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்), வைஃபை பாஸ்வேர்ட், 'ஏபிடி-மார்க் ஷோமேனுவல்' கட்டளை தரும் பேக்கேஜ் (புரோகிராம்) பட்டியல்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் கரண்ட் போய்ப்போய் வந்தது. யுபிஎஸ் இல்லாமல் இன்ஸ்டால் தொடங்க வேண்டாம். பழைய யூசர் பெயரையே கொடுத்தாச்சு.

முதலில் பேக்கேஜ்கள், பிறகுதான் செட்டிங்ஸ்; மாற்றிச் செய்தால் பேனலில் ஐகான்கள் வெறுமையாக நிற்கும். பட்டியலை மொத்தமாகக் கொடுத்தால் 24.04-இல் இல்லாத ஒரே பேக்கேஜ் போதும், பேக்கேஜ்களைப் போடும் ஏபிடி எதையும் போடாமல் நின்றுவிடும். தேவையானதைப் பொறுக்கி எடுப்பதே மேல்.

டார் பிரிக்கும்போது டெஸ்க்டாப் ஓடக்கூடாது. சுபுண்டுவின் டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ தன் செட்டிங்ஸை நினைவில் வைத்திருக்கும். நாம் போட்டதன் மேலேயே பழையதை எழுதிவிடலாம். லாக்அவுட் செய்து, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போய், அங்கே லாகின் செய்து பிரித்தோம்.

ஜூன் 12, வியாழன்

பாஸ்வேர்ட் சரி, ஆனால் லாகின் திரையே திரும்பத் திரும்ப வந்தது. விட்டுப்போன சிலவற்றை சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டுக் காப்பி செய்ததால், டெஸ்க்டாப் திறக்கத் தேவையான எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் ரூட்டின் (நிர்வாகியின்) பெயருக்குப் போயிருந்தது. எஃப்3 திரையில் 'சௌன் -ஆர்' கட்டளை கொடுத்து ஹோம் முழுவதையும் யூசர் பெயருக்கு மாற்றியதும் உள்ளே போனது.

தமிழ்99 விசைப்பலகை மட்டும் வரவில்லை. ஐபஸ் (மொழித் தட்டச்சுப் புரோகிராம்) தேர்வுகள், செட்டிங்ஸ் சேமிக்கும் டிகான்ஃபில் பத்திரமாக வந்திருந்தன. ஆனால் தட்டச்சு எஞ்சின் தனி பேக்கேஜ். ஐபஸ்-எம்17என் போட்டு மறுபடி லாகின் செய்ததும் 'அ' விழுந்தது.